கீழ்ப்புறம் மட்டும்

எஞ்சினுக்குப் பவுசு ஏற்றியது
கீழ்ப்புறம் மட்டும்தான்.
கேமரா அந்தப் பக்கம்தானே நிற்கப்போகிறது.

விடியுமுன் திருநெல்வேலி ஷெட்டில்
நாலு பேர் மண்ணெண்ணெய்த் துணியோடு ஏறினார்கள்.
சக்கர விளிம்புக்குச் சுண்ணாம்பு,
பித்தளைக்குப் புளி,
பாய்லர் வயிற்றுக்கு விளக்கெண்ணெய்.
மேல்புறம் கிடந்தபடி கிடந்தது:
ஒழுகிக் காய்ந்த உப்புக் கோடுகள், துரு,
செங்கோட்டைக் கணவாயின் சாம்பல்
ஒரு விரற்கடை.

நான் அப்போது ஜங்ஷனில்
அருளப்பன் ஸ்டுடியோவின் நெகட்டிவ் திருத்துகிறவன்.
அம்மைத் தழும்பு, மாறுகண், பொட்டில்லாத நெற்றி
எதையும் சரிக்கட்டிவிடும் என் பென்சில்.
மெட்ராஸிலிருந்து வந்த விளம்பர அதிகாரி
பிளேட் பெட்டியோடு என்னையும்
டிராலியில் ஏற்றிக்கொண்டார்.

கல்லிடைக்குறிச்சி தாண்டிப் பாலம்.
அந்தக் கரை அம்பாசமுத்திரம்.
பொதிகை மேகத்துக்குள் இருந்தது, எழுந்திரிக்கவில்லை.
ஆற்றில் குளித்தவர்களைப் போலீஸ்காரர் விரட்டினார்.
எருமைகளுக்கு உத்தரவு விளங்கவில்லை, நின்றன.
பிறகு நான்தான்
அவற்றைத் தண்ணீராக்கினேன்.

எஞ்சின் வந்தது.
புகை இல்லை.
நல்ல நெருப்பு; புகைபோக்கிக்கு மேலே
காற்று மட்டும் கானல் மாதிரி நெளிந்தது.
"புகை எங்கய்யா? புகையில்லாம
ஓடுதுன்னு எவன் நம்புவான்?"

ஃபயர்மேன் மாசானமுத்து இறங்கி வந்தார்.
சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த தாளை
எண்ணெய்க் கறை படாமல் பிரித்தார்.
போன மாத மெமோ.
கரும்புகை விட்ட வகைக்கு, கரி விரயம்,
இரண்டரை ரூபாய் பிடித்தம்.

"புகை வேணும்னு எழுதிக் குடுங்க சார்.
விடுதேன்."

டிரைவர் பீர் முகம்மது சிரிப்பை மறைக்க
விசிலை இழுத்தார்.
அதிகாரி சிகரெட் அட்டையைக் கிழித்து
அதன் வெள்ளை முதுகில் எழுதினார்:
படத்திற்காகப் புகை அனுமதிக்கப்படுகிறது.

எண்ணெய்ப் பஞ்சு, ஈர மட்டை,
பழைய சைக்கிள் டயர் ஒன்றரை.
மூன்று முறை பின்னால் போய் முன்னால் வந்தது.
மூன்றாவது புகை
பாலத்தை விட நீளம்.

அது கலையாமல் போய்
ஊருக்குள் இறங்கியது.
கொஞ்ச நேரத்தில் சங்கரவடிவு
முறத்தோடு கரைமேல் ஏறி வந்தாள்.
முறத்தில் அப்பளம். ஒவ்வொன்றிலும்
மிளகு இட்டது போலக் கரித்தூள்.
"ஐநூறு. பாயோட போச்சு.
இதையும் ஒரு படம் பிடிங்க."
பிடிக்கவில்லை.
பிளேட் தீர்ந்துவிட்டது என்றார் அதிகாரி.
பெட்டியில் இரண்டு இருந்தன.
பெட்டி என் மடியில் இருந்தது.

இருட்டறையில் பதினொரு ராத்திரி.
போலீஸ்காரரை எடுத்தேன்.
தென்காசியில் தையில் எடுத்த வேறொரு பிளேட்டிலிருந்து
மலையைக் கொண்டுவந்து வைத்தேன்.
மாசானமுத்து வெளியே சாய்ந்து
நேராக என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.
"ஆள் வேண்டாம், கண் அங்கே போகும்"
என்று மெட்ராஸிலிருந்து கடிதம்.
தூரிகையால் தலை, பிறகு தோள்.
கைப்பிடியைப் பிடித்த நாலு விரல்
என்ன செய்தும் கம்பியை விட்டுப் பிரியவில்லை.

இன்னொரு கடிதம்:
புகை கறுப்பாய் இருப்பது அழுக்காகத் தெரிகிறது.
வெள்ளையாக்கவும்.

ஆக்கினேன்.

காலண்டர் வந்தது. ஜனவரிக்கு நம் எஞ்சின்,
பஞ்சு மிட்டாய் போல ஒரு புகையோடு.
மாசானமுத்து ஸ்டுடியோவுக்கு வந்து
வெகுநேரம் பார்த்தார்.
விரலைக் கண்டுபிடித்தாரா, தெரியாது.
அந்த மாதமும் இரண்டரை ரூபாய் பிடித்தம்;
சிகரெட் அட்டை செல்லாதாம்.
அதை என்னிடம் தந்துவிட்டுப் போனார்.

"திருத்திக் குடுப்பீகளா அண்ணாச்சி?
ஒரு சீலு மட்டும் போதும்."